ரோஜாவைச் சந்தேகப்பட்ட மோப்பக்காரர்

ரோஜாப்பூவையே பிடித்து வைத்து, "நீ அசல்தானா?" என்று விசாரித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் வேறு எங்கேயும் இடம் கிடைக்காமல் நாமகிரிப்பேட்டையில், நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் வந்து பிறந்திருந்தார். ஊருக்கே அவர் மோப்பக்காரர். சொந்தப் பெயரை அவர் மனைவிகூட மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கொல்லிமலையிலிருந்து எலுமிச்சைப்புல் கட்டுக் கட்டாக வரும். அதை வாலை என்கிற செம்பு வடிகலத்தில் போட்டு, ஆவியைக் குளிர வைத்து எண்ணெய் வடிப்பார். சேலத்து அத்தர் கடைகளும் சோப்புக்காரர்களும் வாங்கிப் போவார்கள். வெளியிலிருந்து அவரிடம் எந்த எண்ணெய் வந்தாலும் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு வெயிலில் வைப்பார். அசல் பூ எண்ணெய் என்றால் சுவடில்லாமல் பறந்துவிடும். கறை நின்றால் விளக்கெண்ணெய் கலந்த சரக்கு.

இந்தச் சோதனையைத் தொழிலோடு நிறுத்திக்கொண்டாரா என்றால் இல்லை. மாமனார் வீட்டிலிருந்து வந்த நெய், கோயில் பன்னீர், மருமகன் தலைக்குத் தடவியிருந்த தைலம் எல்லாமே காகிதத்தில் ஏறி வெயில் காய்ந்தன. மருமகன் அதற்குப் பிறகு தலைக்கு எண்ணெயே வைக்காமல்தான் வந்து போனார்.

"எலுமிச்சம்பழத் தோலு வாசனையும் இந்தப் புல்லு வாசனையும் ஏன் ஒண்ணா இருக்குது, தெரியுங்களா வாத்தியாரே?" என்று ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"தெரியலீங்க."

"ரெண்டுக்குள்ளயும் ஒரே சரக்குங்க! புல்லுல அது நெறைய, பழத்துல கொஞ்சூண்டு. கொஞ்சமா வெச்சுக்கிட்டுப் பேரு வாங்கிட்டது யாரு? பழம்! எனக்கு அப்பவே சந்தேகமுங்க."

"அப்ப ரோசாப்பூ?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுல இருக்கற சரக்கு இன்னொரு மலைப்புல்லுலயும் இருக்குதுங்க. ஒரு படி புல்லெண்ணெயை ரோசா அத்தருல ஊத்தினா எவனுக்கும் தெரியாது. ரோசாவுக்கு மட்டுந்தான் தெரியும், அது வெளியே சொல்லாதுங்க."

பூவையே நம்பாதவர் மனிதரை நம்புவாரா? வாலை எரிகிற நாளில் வாசனை தெருவுக்குப் போனால் போட்டிக்காரன் மோப்பம் பிடித்துப் பக்குவத்தைத் திருடிவிடுவான் என்று பயம். அதற்கு ஒரு தந்திரம் செய்தார். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பெரிய மொடாவில் ஊற்றிப் பின்கட்டுச் சுவரோரம் புளிக்க வைத்தார். அது பொங்கி நுரைத்துக் கிளப்பிய வாடையில் எலுமிச்சைப்புல் என்ன, எங்கள் பள்ளிக்கூடமே மறைந்துபோயிற்று. தன் சாமர்த்தியத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ராஜதானியிலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ஊரெல்லாம் கள்ளுக்கடை மூடினார்கள். மோப்பக்காரர் மொடாவை மூடவில்லை. அவருக்கு அத்தர்க்காரர்கள் மேல் இருந்த சந்தேகத்தில் சர்க்காருக்குத் தன்மேல் சந்தேகம் வரும் என்று தோன்றவேயில்லை.

ஒரு காலை இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார். புளித்த வாடை, செம்பு வாலை, எரிகிற அடுப்பு, சாத்திய கதவு. இதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்?

"புல்லு வாசனையைப் போட்டுச் சாராயத்தை மறைக்கிறியாய்யா? உடைங்கடா அதை!"

ஒரு போலீஸ்காரர் கடப்பாரையை ஓங்கினார். அந்த வாலை போனால் மோப்பக்காரர் குடும்பத்துக்குச் சோறு இல்லை. அது தெரிந்து அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மோப்பக்காரரோ வாலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நெசத்தைச் சொல்லுங்க, உங்களை அனுப்புனது எந்த அத்தர் கடைங்க?" என்று இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை செய்தார்!

பிறகுதான் நிலைமை உறைத்தது. "வாசனையை எடுத்துட்டுக் காட்டறனுங்க. அடியில சாராயம் இருந்தா அப்ப நாறட்டும்" என்றார். கலப்படம் கண்டுபிடிக்கப் போட்டோ கழுவுகிறவர்களிடம் வாங்கி வைத்திருந்த ஓர் உப்பை ஒரு சீசாவில் தண்ணீர் விட்டுக் கரைத்தார். அப்போது வடித்த எண்ணெயை அதில் ஊற்றிக் கை ஓயும்வரை குலுக்கினார். எண்ணெய் வெள்ளையாகத் திரைந்து தயிர்போல் ஆயிற்று.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். மோப்பக்காரர் சீசாவைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நீங்க மோந்து சொன்னா நான் நம்பமாட்டனுங்க. வாத்தியாரைக் கூப்பிடுங்க. அவரு மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லீங்க. ஆனா இந்தத் தெருவுல பொடி போடாத மூக்கு அது ஒண்ணுதான்."

இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரத்தோடு நான் வேலி தாண்டிப் போனேன். முகர்ந்தேன். தீக்குச்சி கிழித்த மாதிரி லேசான நெடி. புல் வாசனை இருந்த இடம் தெரியவில்லை. சாராயமும் இல்லை. இன்ஸ்பெக்டரும் சீசாவைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்.

"வாசனை எங்கேய்யா போச்சு? எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

"உள்ளதான் கெடக்குதுங்க. உப்பு அதைப் புடிச்சுக் கட்டி வெச்சிருக்குது." சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினார். கட்டு அவிழ்ந்தது. எலுமிச்சை வாசனை குப்பென்று எழுந்து கடப்பாரைக்காரரை இரண்டடி பின்னால் தள்ளியது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அப்ப அந்த மொடா?"

மோப்பக்காரர் தலை கவிழ்ந்தது. தன் தொழில் ரகசியத்திலேயே பெரிய ரகசியத்தைத் தெருவே கேட்க ஒப்புக்கொண்டார். "வாசனையைத் திருடறவனுக்குப் பயந்து வெச்சதுங்க." இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. கடப்பாரை மொடாவின் மேல் இறங்கியது. வாலை பிழைத்தது.

அன்றிலிருந்து பின்கதவைத் திறந்து வைத்தே எண்ணெய் வடித்தார். போலீசுக்குத் தகவல் கொடுத்தது நான்தான் என்று மட்டும் கடைசிவரை சந்தேகப்பட்டார்.

எனக்குக் கெங்கவல்லிக்கு மாற்றலானபோது வண்டியடிக்கு வந்து ஒரு சின்னச் சீசாவை நீட்டினார். "சோதிச்சுப் பாத்துக்குங்க சாமி."

"எதுக்குங்க? உங்களை எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்படியெல்லாம் யாரையும் நம்பப்படாதுங்க!" என்று கோபித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்தார். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. எனக்கும் சந்தேகம்தான்.

புது ஊரில் முதல் காரியமாக ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு வெயிலில் வைத்தேன். சீசா எப்போதோ தீர்ந்துவிட்டது. கறையே விழாத அந்த வெற்றுக் காகிதத்தை மட்டும் இன்றுவரை தூக்கிப் போட மனம் வரவில்லை.