போனதடவைக்காரர்

மலைப்பேருந்து கடைசி வளைவில் முக்கி முனகித் திரும்பியதும் ஏரி சட்டென்று கண்ணில் படும். குழந்தைகள் கூவும். வழியெல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தவர்கள்கூட நிமிர்ந்து 'அடேயப்பா' என்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டி, ஏரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'ச்சு' என்று உச்சுக் கொட்டுவார்.

அவரேதான். போனதடவைக்காரர்.

மலையும் ஏரியும் சேர்ந்திருக்கும் எந்த ஊருக்குப் போனாலும் இந்த இனத்தைப் பார்க்கலாம். தனியாக வராது. முதல்முறை வருகிற அப்பாவிகள் சிலரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். பல் கிடுகிடுத்தாலும் ஸ்வெட்டர் போடாது. "இதெல்லாம் ஒரு குளிரா? போன தடவை வந்திருக்கணும் நீங்க!" விடுதி அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் திறந்து, மூடி, மெத்தையை அமுக்கிப் பார்த்து, குழாயைத் திருகி, வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டி, சுட்டுக்கொண்டு, சுட்ட விரலை உதறியபடியே சொல்லும்: "போன தடவை இதைவிடச் சூடா வந்துச்சு."

இவருக்கு உலகத்தில் எதுவும் புதிதாக நடப்பதில்லை. எல்லாம் ஏற்கெனவே, இதைவிட நன்றாக, நடந்து முடிந்துவிட்டது. குதிரை இளைத்துவிட்டது. மேகம் அழுக்காகிவிட்டது. மலைகூடக் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மலை எப்படி ஐயா குட்டையாகும்? கேட்டுப் பாருங்கள். "நீ போன தடவை பாக்கல" என்பார். வழக்கு முடிந்தது. நாம் பார்க்காத மலைக்காக நாம் எப்படி வாதாடுவது?

எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த போனதடவைக்காரர் என் சித்தப்பா. சென்ற கோடையில் சித்தியும் நானும் அவருடைய அப்பாவிகளாகக் கிளம்பினோம். சித்திக்கு ஒரே ஆசை.

"எனக்கு வேற எதுவும் வேணாங்க. காலால மிதிக்கிற படகுல ஒரு சுத்து. அவ்வளவுதான்."

மறுநாள் காலையிலேயே திரும்ப வேண்டும். ஆகவே, படகு என்றால் அன்று மாலைதான். இருட்டினால் விடமாட்டார்கள்.

விடுதிப் படியை விட்டு இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. வாத்து முகம் வைத்த படகுகள், சீட்டுக் கொடுக்கும் ஜன்னல், பெரிய பலகை. சித்தி கிட்டத்தட்ட ஓடினார். சித்தப்பா கையை நீட்டி மறித்தார்.

"அது டூப்ளிகேட்டு. ஒரிஜினல் படகுத்துறை அந்தப் பக்கம். போன தடவை நான் ஏறினதே அங்கதான்."

"ஏங்க, போர்டுலயே எழுதியிருக்கே!"

"போர்டு எழுதினவன் போன தடவை வந்தானா?"

நடந்தோம். 'போன தடவை பேக்கரியாக இருந்த' கம்பளிக் கடையில் வலது பக்கம் திரும்பி, 'போன தடவை இல்லாத' பள்ளத்தில் இறங்கி ஏறி, ஒரு இரும்புக் கதவைத் தள்ளி, யார் வீட்டுக் கொல்லைக்குள்ளோ போய் நின்றோம். துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. போன தடவை இங்க ஒரு வழி இருந்துச்சு. நீங்க வீடு கட்டி அடைச்சிட்டீங்க."

"நான் பொறந்த வீடுங்க இது!"

சித்தப்பா அசரவில்லை. வீட்டைப் பார்த்தும் ஒரு உச்சுக் கொட்டினார்.

இப்படியே ஏரியை முழுக்கச் சுற்றி, மறுபக்கமாக ஒரு படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். வாத்து முகப் படகுகள். ஜன்னல். பெரிய பலகை. எதிரே எங்கள் விடுதி.

"பாத்தியா!" என்றார் சித்தப்பா வெற்றியோடு. "இதுதான் ஒரிஜினல்!"

ஜன்னல்காரர் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "டைம் முடிஞ்சுது சார்."

சித்தியின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். சித்தப்பா பார்க்கவில்லை. அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, போன தடவை இருட்டின பிறகும் விட்டீங்களே!"

"எவன் சார் விட்டான்?"

"மீசை வெச்சவன் ஒருத்தன்."

விவாதம் சூடுபிடித்தது. சித்தி ஓசையில்லாமல் நழுவி, துறையின் கோடியில் கடைசிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போனார். "அண்ணே, ஒரே ஒரு சுத்து. அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள வந்துடுறேன்."

படகுக்காரர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். "அப்படின்னா ரெண்டு சுத்தே போகலாம்மா."

"ஏறுடா!" என்று என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார் சித்தி.

மிதித்தேன். வாத்து பம்பரமாகச் சுற்றியது. தண்ணீரில் தலைகீழாய்க் கிடந்த மலையின் உச்சியைக் கொத்தப் போனது. "நீ மிதிச்சா மட்டும் போதும்!" என்று திருப்புகிற கம்பியைச் சித்தி ஒற்றைக் கையால் பிடித்தாரோ இல்லையோ, படகு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போயிற்று. சித்தியின் ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. அதற்கு ஒரு சிரிப்பு. என் முகத்தைப் பார்த்து இன்னொரு சிரிப்பு. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. கரையில் புள்ளியாய்ச் சித்தப்பா இரண்டு கையையும் ஆட்டினார். "போன தடவை..." என்று காற்றில் வந்தது. எதிர்மலை அதை வாங்கி, "தடவை... தடவை..." என்றது. மலையும் அதே ஜாதிதான் போலிருக்கிறது!

கரையேறியதும் சித்தப்பா சொன்னார்: "போன தடவை படகு இதைவிட வேகமா போச்சு."

"அப்படிங்களா?" என்று சித்தி புடவைத் தலைப்பைப் பிழிந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நடுவில் எங்கேயாவது, 'இந்த மாதிரி ஒன்றை முன்பே படித்தோமே, அது இன்னும் நன்றாக இருந்ததே' என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் சித்தப்பாவுக்குப் பக்கத்து இருக்கை உங்களுடையது. ஜன்னலோரம் மட்டும் கேட்காதீர்கள்.

ஊர் திரும்பிப் பல நாள் கழித்துச் சித்தியைப் பார்க்க அவருடைய பழைய தோழி வந்திருந்தார்; நானும் அங்கே இருந்தேன். சித்தப்பா கடைக்குப் போயிருந்தார். பேச்சு எப்படியோ அந்த ஏரிக்குப் போயிற்று.

"காலேஜ்ல வருஷா வருஷம் டூர் அங்கதானே!" என்றார் தோழி. "இவ படகை விட்டு இறங்கவே மாட்டா. கெஞ்சித்தான் இறக்குவோம்."

நான் திகைத்துப் போனேன். "சித்தி! நீங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலையே?"

"நானும் சொல்ல ஆரம்பிச்சா," என்றார் சித்தி, "பாவம், அவரு எதைடா பேசுவாரு?"