கொண்டக்டரின் தலையணை

மாத்தளை மாவட்டத்தில் நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நானும் ஒருத்தன். ஆனால் அதற்காக ஒரு தலையணையைக் கல்யாணம் கட்டிக்கொண்டவர் எங்கள் கொண்டக்டர் ஒருவர்தான்.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இது தெரியும். நடு நெஞ்செலும்பை அறுத்து, வேலையை முடித்து, கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். இருமினால், தும்மினால், ஏன், சிரித்தால்கூட உயிர் போய் உயிர் வரும். அதனால் ஒரு தலையணையைக் கொடுத்து, இருமல் வரும்போது நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம். பிறகு தலையணை கட்டிலுக்குப் போய்விடும். கொண்டக்டரின் தலையணை மட்டும் கட்டிலுக்குப் போகவேயில்லை.

அவருடைய பெயர் கிளினிக் புத்தகத்தில் இருந்தது, யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு உக்குவளையில். முப்பது வருஷம் எல்கடுவ பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். சண்டை கடைசியாக மூண்டு, தமிழன் ஒருவன் அடையாள அட்டை இல்லாமல் ஒழுங்கை முடக்கில் இருக்கும் கடை வரைக்கும் போகப் பயந்த காலம் அது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கூடத்தில் எங்களுக்கு நடை வகுப்பு. நடத்தியவர் ஒரு சிங்கள பிசியோதெரபி மிஸ். கூடத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். மிஸ் “மெதுவா, மெதுவா” என்பார். கொண்டக்டருக்கு அது சரிவரவில்லை. முதல் வாரமே வகுப்பைப் பஸ்ஸாக்கிவிட்டார். ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஹோல்ட் வந்ததாகக் கணக்கு, அந்தப் பஸ் நிறுத்தத்தின் பெயரைக் கூவுவார்.

“ஆ, முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க. ஹாஜியார், வாசல்ல நிக்காதீங்க, பின்னால ஆள் ஏறணும்.”

ஹாஜியார் என்பவர் டவுனில் மிளகும் கராம்பும் விற்ற பெரிய வியாபாரி. மூச்சு வாங்க நின்றுகொண்டு, “ஓய், நான் இங்கயே இறங்கிக்கிறேன்” என்பார்.

“எல்கடுவைக்கு ஏறினவர் நடுவழில இறங்க ஏலாது. யமு, யமு, போவோம்.”

எனக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. மாவட்டக் கச்சேரியில் அரசாங்க அதிபருக்குக் கீழே, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவனாக, பிரதம லிகிதராக இருந்தவன் நான். ஒரு பஸ்காரர் விரட்ட, நான் வட்டமடிப்பதா? இரண்டு வாரம் மட்டம் போட்டேன். மூன்றாம் வாரம் காலையில் கேற்றடியில் ஒரு தலையணை தெரிந்தது. பின்னாலேயே கொண்டக்டரும் தெரிந்தார்.

“ஐயா ஏன் வரல்ல?”

“வீட்டுலயே நடக்கிறேன்.”

“எங்க, கதிரைக்கும் டீவிக்கும் நடுவுலயா?”

என் மனைவி சிரித்துவிட்டாள். அன்று மத்தியானம் வரை நான் அவளோடு பேசவில்லை. கொண்டக்டர் சீனியில்லாத பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆறு பேருக்குக் கொறஞ்சா கிளாஸ மூடிருவாங்களாம். இப்ப அஞ்சு பேர்தான் இருக்கோம். மூடிட்டா எனக்குக் கடுதாசி கெடைக்காதுங்க.”

“என்ன கடுதாசி?”

அப்போதுதான் சொன்னார். அவருக்கு ஒரு மகள், அவளுக்குத் தம்பியாக ஒரே மகன். கொழும்பில் புடவைக் கடையில் வேலை. தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனபோது அவனையும் ஏற்றிவிட்டார்கள். தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான். அவனைப் பிடித்த பதினோராம் நாள் இவருக்கு மார்படைப்பு. மாதத்துக்கு ஒரு தரம் பார்க்க விடுவார்கள், இவர் இன்னும் ஒரு தரமும் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் சந்தியிலிருந்து முகாம் வாசல் வரைக்கும் ஏற்றம், வாகனம் விடமாட்டார்கள். ஆறு நிமிஷம் நிற்காமல் நடந்து, இரண்டு மாடி ஏறிக் காட்டி, மிஸ்ஸின் கையால் கடுதாசி வாங்காமல் மகள் அவரைப் பிரயாணம் போக விடமாட்டாள்.

“ஐயா வந்தா ஆறு பேர் ஆயிருவோம்” என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போனேன். என் இதயத்துக்காக நடக்கிறேன் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

மூன்று மாதம் ஓடியது. எல்லோருடைய தலையணையும் வீட்டில் படுத்துவிட்டது, அவருடையது மட்டும் நெஞ்சிலேயே கிடந்தது. அந்தக் காலத்தில் ஒரு தமிழர் மார்போடு எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் இறங்கினால் என்ன நடக்கும்? முதல் நாள் ஒரு சிப்பாய் கத்தியால் குத்திப் பார்த்தான். இலவம் பஞ்சு றோட்டெல்லாம் பறந்தது. கொண்டக்டர் சட்டை பட்டன்களைக் கழற்றி, தொண்டைக் குழியிலிருந்து கீழே இறங்கிய தையலைக் காட்டினார். சிப்பாய் தன் கையாலேயே பஞ்சைப் பொறுக்கிக் கொடுத்தானாம். அதன்பிறகு அந்தச் சாவடியில் அவரை நிறுத்தினால் தலையணையின் சுகத்தை விசாரிக்கத்தான்.

மிஸ் மட்டும் விடவில்லை.

“மாமா, எலும்பு நல்லா கூடிட்டது. இனி கை வீசி நடக்கணும். தலகாணி வேணாம்.”

“இருமல் வருதே மிஸ்” என்று சொல்லிவிட்டு இருமிக் காட்டுவார். மழைக்காலத்தில் பழைய பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணுவது போலிருக்கும். கடைந்தெடுத்த பொய் இருமல் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். வீம்பு பிடித்த மனுஷன் என்று நான் ஹாஜியாரிடம் திட்டினேன்.

பரீட்சை நாள் வந்தது. மிஸ் கையில் கடிகாரம். ஹாஜியார் மூலையில் நின்று கையேந்தித் துஆக் கேட்டார். நாலாம் நிமிஷம் கொண்டக்டருடைய கால் தளர்ந்தது. என்னையறியாமல் நான் கூவினேன்: “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, எல்கடுவ வந்தாச்சு.” பிரதம லிகிதருடைய மானம் அன்றைக்குப் போனது. அவர் ஆறு நிமிஷத்தையும் நடந்து முடித்தார், மாடியும் ஏறினார்.

மிஸ் கடுதாசி எழுத உட்கார்ந்தார்.

“மிஸ், அதுலயே தலகாணி கட்டாயம் வேணும்னு ஒரு வரி போடுங்க.”

“உங்களுக்கு வேணாமே மாமா.”

கொண்டக்டர் எங்களைப் பார்த்தார், பிறகு தலையணையைப் பார்த்தார்.

“உள்ளுக்கு ஒண்ணும் கொண்டுபோக உடமாட்டாங்க மிஸ். சோறு ஏலாது, துணி ஏலாது. டாக்டர் சொன்ன சாமான்னா மட்டும் உடுவாங்களாம், ஒரு அம்மாவோட ஊன்றுகோல உட்டிருக்காங்க. மகன் வெறும் சீமெந்துல படுக்கிறான். நான் இத்தன நாளும் புடிச்சுக்கிட்டு திரிஞ்சா, அன்னைக்கு யாரும் பொய்யின்னு சொல்ல மாட்டாங்க இல்லையா?”

வீம்பு என்று சொன்ன வாயை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் குனிந்துகொண்டு சிங்களத்தில் எழுதினார். ஒரு வரி கேட்டதற்கு நாலு வரி எழுதினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டக்டர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். மகன் மெலிந்திருக்கிறான், ஆனால் சிரித்தான் என்றார். தலையணையை மகனோடு உட்கார்ந்திருந்த வாங்கிலேயே விட்டுவிட்டு எழும்பியிருக்கிறார். வாசல் காவல்காரன் சிங்களத்தில் தாத்தா என்று கூப்பிட்டு மறித்தானாம்.

“சீயா, தலகாணி எங்க?”

“மறந்துட்டேன் மாத்தயா. ஆபரேஷனுக்குப் பொறகு மறதி.”

அவன் கடுதாசியைப் பார்த்திருக்கிறான், இவரைப் பார்த்திருக்கிறான். “அடுத்த மாசமும் மறப்பீங்களா?”

“மறக்கும்னுதான் நெனைக்கிறேன்.”

அப்படியே ஆனது. மாதத்துக்கு ஒரு தலையணை மறந்தார். இரண்டாவது, ஹாஜியார் வீட்டு ரோஸ் நிறத் தலையணை, ஓரமெல்லாம் லேஸ். அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முகாம் ஏற்றத்தில் ஏறிய கோலத்தை அவரே நடித்துக் காட்டினார். நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மூன்றாவதை மிஸ் கொடுத்தார். மகன் பக்கத்தில் படுப்பவர்களுக்கும் கொடுக்கிறானாம். “அவன்தாங்க இப்ப அங்க தலகாணி முதலாளி” என்பார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அந்த ஐந்து மாதந்தான்.

ஆறாவது தலையணை எங்கள் வீட்டுடையது. என் மனைவி நீலக் கட்டம் போட்ட உறை தைத்துக் கொடுத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த நீல உறையை மடியில் வைத்துக்கொண்டு கொண்டக்டர் கூடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“ஆள் இல்லையாம்” என்றார்.

“இல்லைன்னா?”

“பேர் புத்தகத்துல இல்லையாம். வேற எடத்துக்குக் கொண்டுபோனாங்களாம். எங்கன்னு கேட்டேன், தெரியாதாம். அந்தக் காவல்காரன்கிட்ட தலகாணியயாச்சும் வச்சுக்கங்கன்னு நீட்டினேன். மொகத்தத் திருப்பிக்கிட்டான்.”

மிஸ் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஹாஜியார் கொண்டக்டரின் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

“எழும்புங்க கொண்டக்டர், நடப்போம்.”

“பஸ் எங்க போகுதுன்னு தெரியாம எப்படிங்க டிக்கெட் கிழிக்கிறது?”

“எங்க இருக்கான்னு தெரியிற அன்னைக்கு உங்களுக்கு நடக்க ஏலாம இருந்தா?”

அவர் எழும்பினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி தப்பாமல் நடந்தார். நீலத் தலையணை நெஞ்சில் இருந்தது. ஹோல்ட் பெயர் மட்டும் ஒன்றும் வாயில் வரவில்லை, எங்களை யாரும் முன்னுக்குப் போகச் சொல்லவில்லை. சண்டை முடிந்தது என்று டவுனில் பட்டாசு கொளுத்திய வாரமும் வந்தார். மகன் எங்கே என்று ஒரு தகவலும் வரவில்லை.

காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லை. இதயத்தால் வந்த சாவு இல்லை, இதயம் நல்லாத்தான் இருந்தது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்மாருக்கு எல்லாம் தெரியாது.

முப்பத்தோராம் நாள் கழிந்து மகள் அந்தத் தலையணையைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். “உங்க வீட்டுது, அப்பா திருப்பிக் குடுக்கச் சொன்னாரு” என்றாள். முன்னறைக் கதிரையில் வைத்திருக்கிறோம், யாரும் அதில் சாய்வதில்லை. எனக்கு இருமல் வந்தால் மட்டும் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொள்கிறேன். என் நெஞ்செலும்பு கூடி எத்தனையோ வருஷமாகிறது.