பெரிய வெள்ளியும் ஆட்டுக்கறியும்

எழுபதுகளில் திருவண்ணாமலையில் பரலோகத்துக்கு வழி தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ஹெட்கிளார்க்தான். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். மோசே மலையிலிருந்து பத்துக் கட்டளைகளோடு இறங்கினார். அவருக்கு மறந்துபோன மிச்சத்தை இவர் எங்களுக்குப் போட்டார். அதனால் அவர் பெயர் 'கட்டளை சார்'.

ஆபீஸில் ஆயுத பூஜை போடுகிற அன்று தன் மேஜையில் சந்தனம் பட்டுவிடக் கூடாதென்று அதை வெளியே தூக்கிப்போய் வேப்பமரத்தடியில் வேலை பார்ப்பார். ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டது. குடை பிடித்தபடி கையெழுத்துப் போட்டார்.

பௌர்ணமியில் பாடு இன்னும் ஜாஸ்தி. வீடு செங்கம் ரோட்டில். கிரிவலக் கூட்டம் போகிற திசையிலேயே போனால் தானும் வலம் வந்ததாகிவிடுமாம். சைக்கிளைத் திருப்பி, அடி அண்ணாமலை வழியாக மலையையே எதிர்ப்பக்கமாகச் சுற்றி வீடு சேருவார். அதற்குப் பேசாமல் வலமே வந்திருக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம் வந்தால் கறி, காபி, சிரிப்பு மூன்றும் கிடையாது. "நேத்தும் வெறும் கஞ்சிதான்" என்று தினமும் அறிவிப்பார்.

பக்கத்து மேஜை ரஹீம் பாய் ஒருநாள் சொன்னார்: "சார், நீங்க நோன்பு இருக்கறது ஊருக்கே தெரியும். ஆண்டவருக்கு மட்டும்தான் இன்னும் சொல்லலன்னு நெனைக்கறேன்."

அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பாயின் மனைவி இறந்துபோனார். மறுநாள் கோயிலுக்குப் போகிற வழியில், பைபிளும் கையுமாக நானும் கட்டளை சாரும் துக்கம் கேட்கப் போனோம். பாய் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ஆட்டுக்கறியும் வந்திருந்தன.

"எனக்கு எறங்காதும்மா. வந்தவங்களுக்குப் போடு" என்றார் பாய், தங்கையிடம்.

நோன்புப் பிரசங்கம் ஆரம்பிக்கப்போகிறது என்று பயந்தேன். கட்டளை சார் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் விரித்திருந்த கோரைப்பாயில் உட்கார்ந்தார்.

"பாய், நானும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. நீங்க உக்காந்தாத்தான் நான் கை வெப்பேன்."

"இன்னிக்கி உங்களுக்கு ஆவாதே, சார்?"

"மொதல்ல கைய அலம்பிக்கினு வாங்க."

பாய் ஒரு வாய் வைத்தால் இவரும் ஒரு வாய். பாயின் கை நின்றபோது, "இன்னும் கொஞ்சம் கறி போடும்மா, ரெண்டு பேருக்கும்" என்றார்.

கோயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி ஆராதனை முடிந்திருந்தது. வழக்கம்போல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார், மசாலா வாசனையோடு. பக்கத்திலிருந்த சபை மூப்பருக்குப் பக்தியைவிட மூக்கு கூர்மை. வாசலில் பிடித்துக்கொண்டார்.

"கறி சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"பெரிய வெள்ளியும் அதுவுமா! அவ்ளோ பசியா உங்களுக்கு?"

"என் பசிக்குச் சாப்பிடலீங்க. அவர் பசிக்குச் சாப்ட்டேன்."

லெந்து நாளில் கறி தின்றவர் சபைப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கமிட்டியோடு சண்டை போட்டு அதைக் கொண்டுவந்தவர் கட்டளை சாரேதான். ஈஸ்டருக்குள் அவருடைய சபைச் செயலாளர் பதவி போயிற்று. அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவர் யாருக்கும் அறிவிப்புக் கொடுக்கவில்லை.

சில மாதத்தில் செய்யாறுக்கு மாற்றலானார். நானும் பாயும் பஸ் ஏற்றிவிடப் போனோம். பஸ் கிளம்பியதும் பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வெயில் ஜாஸ்திப்பா" என்றார்.

எனக்கும் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.