மருமகனின் மீசை தாலி கட்டிய விதம்

தானாகவே கற்றுக்கொண்டவனுக்கு ஒரு பெருங்குறை உண்டு: சித்தியடையவில்லை என்று அவனுக்கு அறிவிக்க எவரும் இல்லை. காணொளிகளைச் செம்மைப்படுத்தும் கலையை நான் அவ்வாறே கற்றேன். உருத்திரபுரத்தில் என்னை அயலவர் 'படக்காரர்' என்று அழைத்தனர். (அதில் கேலி இருந்தது பிறகுதான் விளங்கியது.)

என் தம்பி கனடாவில் இருக்கிறான். விசா அலுவல் முடியாமையால் ஒரே மகள் கௌசிகாவின் திருமணத்துக்கு அவனால் வர இயலவில்லை. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். மணமகள் கூறைச்சேலை மாற்றி வரச் சென்ற வேளையில் சிக்னல் அறுந்தது, தாலிகட்டையும் அவன் காணவில்லை.

"அண்ணை, பிள்ளையைக் கூறையோட நான் இன்னும் காணேல்லை. கலியாண வீடியோவை வடிவாச் செய்து அனுப்புங்கோ. இஞ்ச சொந்தக்காரரையும் கூப்பிட்டிருக்கிறன், பெரிய திரையில போடப்போறன்" என்றான்.

அன்று நண்பகல் தகரக் கூரையின் வெக்கை தாளாமல், மடிக்கணினியுடன் முற்றத்து மாமரத்தடியில் அமர்ந்தேன். படம் ஒரே இருளாகத் தெரிந்தது. மென்பொருளில் நான் ஒளிவளைவு என்று பெயரிட்டிருந்த கருவியைத் திறந்தேன். சதுரத்துக்குள் சாய்வாக ஒரு கோடு. கீழ்முனை இருளுக்கு உரியது, மேல்முனை வெளிச்சத்துக்கு உரியது. நடுவைப் பிடித்து உயர்த்தினேன். இருள் அகலவில்லை. கீழ்முனையையும் உயர்த்தினேன்.

"வெயிலுக்குள்ள இருந்து பாத்தால் அதில என்னப்பா தெரியும்? உள்ளுக்க வாங்கோ" என்றாள் என் மனைவி பரமேஸ்வரி.

"உனக்கு ஒளியியல் விளங்காது" என்றேன். (எனக்கு விளங்கிய இலட்சணம்!) இன்னும் சற்று உயர்த்தி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் தம்பி அழைத்தான்.

"அண்ணை, என்னட்டை என்னத்தை மறைக்கிறியள்?"

"ஒண்டையும் மறைக்கேல்லையே!"

"பிள்ளை ஏன் வெள்ளைச் சீலையோட இருக்கிறாள்? நெத்தியில பொட்டில்லை, கழுத்தில தாலியில்லை. மாப்பிள்ளை எங்க அண்ணை? உயிரோட இருக்கிறாரோ?"

அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு மாமி ஒப்பாரிக்கே ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

மடிக்கணினியை வீட்டுக்குள் மேசையில் வைத்துத் திறந்தேன். சிவப்புக் கூறை சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளிறிக் கிடந்தது. குங்குமம் நெற்றியோடு கரைந்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலைப்பாகையுடன் மாப்பிள்ளை முழுவதுமாக மண்டபத்துத் திரைச்சீலைக்குள் மறைந்துபோனார். எஞ்சியவை இரண்டு புருவங்களும் சாம்பல் நிறமாக வெளிறிய மீசையும் மட்டுமே. அந்த மீசை வெறும் வெளியில் குனிந்து, தெரியாத தாலியைத் தெரியாத கழுத்தில் கட்டியது. கெட்டிமேளம் மட்டும் குறைவின்றி ஒலித்தது.

பரமேஸ்வரி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நல்லகாலம், மீசை எடுக்காத மாப்பிள்ளை" என்றாள்.

விசுவமடுவில் இருந்த மருமகனை உடனே அழைத்து, "தம்பி, கனடாவுக்கு வீடியோவில முகத்தைக் காட்டுங்கோ, கெதியா!" என்று மன்றாடினேன். அவர் வாயில் பற்பசை நுரையோடு தோன்றி, "மாமா, நான் இருக்கிறன்" என்று கனடாவில் மண்டபம் நிறைந்திருந்த உறவினருக்கு உறுதியளித்தாராம். ஒப்பாரி நின்றது.

நான் வளைவைப் பழையபடி நேர்கோடாக்கி, கை வைக்காத படத்தை மறுபடி அனுப்பினேன். பின்னர் தம்பி அழைத்தான். மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"கூறை நல்ல சிவப்பு, அண்ணை" என்றான்.

அதன் பின்னர் நான் எவருடைய படத்துக்கும் வெளிச்சம் கொடுத்ததில்லை. ஆயினும் மருமகன் இன்றும் எங்கள் படலையைத் திறந்ததும் உள்ளே வராமல் நின்று, "மாமா, என்னைத் தெரியுதோ?" என்று உரத்துக் கேட்கிறார்.

நான் வாய் திறக்குமுன் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கும் பரமேஸ்வரியிடமிருந்து பதில் வந்துவிடுகிறது:

"மீசை தெரியுது தம்பி, வாங்கோ!"