வடசேரிக்கு ஒரு நாடு, தென்சேரிக்கு ஒரு நாடு

வினாயகமூர்த்தி ஒரே கிழமையில் இரண்டு நாடுகளுக்குப் பொய் சொல்லியிருந்தார். இப்போது இரண்டு நாடுகளும் ஒரே நாளில் வருகின்றன.

"பக்கத்து நாட்டுக்காரர்ட்ட என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி சீதேவிப்பிள்ளை.

"தூரத்து நாடு எங்களுக்கு ஐஸ் அறை கட்டித் தரப் போகுது எண்டன்."

"தூரத்து நாட்டுக்காரர்ட்ட?"

"பக்கத்து நாடு கட்டித் தரப் போகுது எண்டன். போட்டிக்காவது கட்டுவாங்கதானே. பிழையா புள்ள?"

பழுகாமத்து மீனவர் சங்கத் தலைவர் அவர். சங்கத்தின் ஐஸ் அறை யுத்தத்தில் போனது. அதைக் கட்டியவர்களில் பலரும் போனார்கள்; அதைச் சொல்ல இது இடமில்லை. ஐஸ் இல்லாமல், களப்பு எனும் கடலேரியில் பட்ட மீனை வெயில் ஏறுமுன் வியாபாரி சொன்ன விலைக்கே தள்ளவேண்டியிருந்தது. அந்தக் களப்பில் இரண்டு நாடுகளுக்கும் ஒரு கண் என்று பேப்பரில் படித்த நாள்முதல் தலைவருக்கு நித்திரையில்லை.

"ரெண்டு பேரும் கண்டுக்கிட்டா?"

"காணமாட்டாங்க. இண்டைக்குக் கொம்புமுறி."

கண்ணகி அம்மன் கோயில் முன்வெளியில், பிறப்பிலேயே வடசேரி, தென்சேரி என்று பிரிந்த ஊர், ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளைந்த கொம்புகளைக் கயிறு கட்டி, ஏதாவது ஒன்று முறியும்வரை இழுக்கிற நாள். புருசன் வடசேரி, பெண்சாதி தென்சேரி என்றால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இவர்கள் வீட்டிலும் எரியவில்லை.

பக்கத்து நாட்டு அதிகாரியை வடசேரிக்குள் கொண்டுபோய் இருத்தினார். தூரத்து நாட்டு அதிகாரியைத் தென்சேரிக்குள். நடுவில் சனக்கடல்.

கயிறு இறுகியது. சீதேவிப்பிள்ளை முன்னால் வந்து நின்று கத்தினாள்: "வடசேரியாருக்குக் கயிறு பிடிக்கக் கையில்லகா! சோத்துக்கு மட்டும் முழக் கை!"

பக்கத்து நாட்டுக்காரர் திடுக்கிட்டார். "என்ன சார், அந்த லேடி நம்மள இப்படித் திட்டுறாங்க?"

அது என் மனைவி என்று சொல்ல வினாயகமூர்த்திக்கு வாய் வரவில்லை. "அதெல்லாம் தூரத்து நாடு வாங்கின ஆக்கள் ஐயா. தெற்குப் பக்கம் முழுக்க அவங்கட. வடக்குப் பக்கம் முழுக்க உங்கட."

"ஓஹோ. வடக்குல இந்த லகூன் எவ்ளோ ஆழம்?"

ஆழத்தைச் சொல்லிவிட்டு மறுபக்கம் ஓடினார். அங்கே தூரத்து நாட்டுக்காரர், தம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கற்ற தமிழில் கேட்டார்: "எதிர்த் தரப்பினர் எம்மை ஏசுவதன் காரணம் யாது?"

"பக்கத்து நாட்டிட காசு ஐயா. வடக்கு போயிற்று. தெற்குத்தான் உங்களை நம்பியிரிக்கு."

"நன்று. தென்கரை யாருக்குரியது?"

"உங்களுக்குத்தான் ஐயா!" என்றார், ஒரு மரியாதைக்கு.

படார்! வடசேரிக் கொம்பு முறிந்தது. வென்ற தென்சேரி, விருந்தாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியபடி நேரே வடசேரிக்குள் புகுந்தது. இரண்டு அதிகாரிகளும் முகத்துக்கு முகம். வினாயகமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது இருவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஐஸ் ரூம் கண்டிப்பா உண்டு சார்."

"அதனினும் பெரிது யாம் அமைப்போம்."

தலைவருக்குத் தரையில் கால் பாவவில்லை. "ரெண்டு ஐஸ் அறை புள்ள! ஒண்டில மீன், மற்றதில உன்ர வாய்!"

"கட்டினாப் பிறகு சொல்லுங்க," என்றாள் அவள்.

அதிகாரிகளைத் தேடினார், காணோம். கோயிலுக்கு வெளியே, காத்தான்குடி வாடகை வேன்காரன் றிஸ்லான் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, இது எந்த ஐயாட வேன்?"

"ரெண்டு ஐயாவும் இதிலதான் அண்ணன் வந்தவங்க, சந்தியில இறங்கித் தனித்தனியா நடந்தவங்க, களப்பை எங்கால பிரிக்கிற எண்டு வழி முழுக்க ஒரே சண்டை, இப்ப பாருங்க, நீங்க காட்டின எல்லையிலயே வடகரை அவருக்கு, தென்கரை இவருக்கு எண்டு சந்தோசமா முடிச்சிட்டாங்க!"