கொசுறாக வந்த ஐந்து விசிறிகள்

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்த காலம் மலையேறி, இணையதளம் ராஜாவாக உட்கார்ந்துவிட்ட சமயத்தில், வீராயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். கோபம் வந்தால் முள் சிலிர்க்கும். எந்தப் பொருளின் விலையைக் கேட்டாலும் கோபம் வரும். எட்டு வருஷம் மண்ணைப் பறித்து, பாறையை முட்டி, ஒருத்தர் தயவும் இல்லாமல் தானே தோண்டிய வளையில் குடியிருந்தாள்.

ஒருநாள் காட்டு நிர்வாகம் மரத்துக்கு மரம் நோட்டீஸ் ஒட்டியது. வளைப் பட்டா இனி வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு மட்டும்தானாம். வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பாராம். கம்ப்யூட்டர் இல்லாத வளையைக் காட்டுப்பன்றிக்கு ஒதுக்கிவிடுவார்களாம்.

காட்டுப்பன்றி அன்றைக்கே வந்து வீராயியின் வாசலை அளந்தது. "கொஞ்சம் அகலப்படுத்தணும்" என்று வேறு முனகிவிட்டுப் போனது. வீராயிக்கு மூக்கு நுனி வரை முள் எழுந்து நின்றது.

பக்கத்து வளைக்காரர் எறும்புதின்னி சதாசிவம், பரம சாது. ஒரு மாதம் விசாரித்து, தேவைக்கு அளவாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

"அக்கா, நமக்கு என்ன பெரிய வேலை? விண்ணப்பம் போடணும், கரண்ட் பில் கட்டணும், சாயங்காலம் சீரியல் பார்க்கணும். சின்ன பிராசஸர், எட்டு ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. போதும். கலர் லைட்டு, விசிறி எல்லாம் தண்டம். என்னுது ஓடுறதே தெரியாது, அவ்வளவு அமைதி."

"ஓடுறதே தெரியாத சாமானுக்கு எதுக்குய்யா கிழங்கு கொடுத்தே?" என்று கேட்டுவிட்டு, வீராயி தன் கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் காட்டில் கிழங்குதான் காசு.

கடைக்காரன் உடும்பு, பெயர் கந்தப்பன். சுவரைப் பிடித்தால் விடமாட்டான். விலையைப் பிடித்தாலும் அப்படித்தான்.

"மதர்போர்டு எவ்வளவு?"

"நாற்பது கிழங்கு அக்கா."

"பச்சைத் தகட்டுக்கு நாற்பதா? பதினஞ்சு."

"கட்டாது அக்கா."

"கட்டாட்டி கடையைச் சாத்து!"

வீராயி விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாள். நாலாவது அடியில் கூப்பிடுவான் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது அடியிலேயே கூப்பிட்டான். இருபத்திரண்டுக்கு முடிந்தது.

பிராசஸரை நகத்தால் கீறி, மோந்து பார்த்தாள். பழைய மானிட்டரைத் தர்ப்பூசணி போலத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். "உள்ளே நல்லாத்தான் பழுத்திருக்கு" என்றாள். கந்தப்பன் வாலால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்து ரேம். நீளமாக, மெலிசாக, கைக்கு அடக்கமாக இருந்தது. இருபது வருஷம் சந்தையில் வெண்டைக்காய் வாங்கிப் பழகிய கை. சடக்கென்று முனையை ஒடித்தது.

"ஐயோ அக்கா! என்ன செஞ்சுட்டே!"

"இளசுதான். பட்டுன்னு ஒடியுது. இதையே போடு."

"அது செத்துப்போச்சு அக்கா! இனி ஓடாது. வேற எடுத்துக்க."

"ஓகோ! ஒடிஞ்சதுன்னு சொல்லிப் புதுசை என் தலையில கட்டப் பாக்குறியா? வீராயிகிட்டயேவா? ஒடிஞ்சதுக்குப் பாதி விலை. எடு!"

முள் எல்லாம் கலகலவென்று ஆடியது. கந்தப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிடியை அடியோடு விட்டான்.

மூட்டை காலியாகிவிட்டது. ஆனால் வீராயி நகரவில்லை.

"கொசுறு?"

"கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா கொசுறு?"

"காய் வாங்கினா கருவேப்பிலை கொடுக்கிறான். நீ இம்புட்டு வாங்கிட்டு வெறுங்கையோட அனுப்புவியோ?"

கந்தப்பன் தேடினான். யாரும் வாங்காமல் தூசி பிடித்துக் கிடந்த கலர் லைட்டு விசிறிகள் ஐந்து கிடைத்தன. கும்பிடு போட்டு, அவற்றையும் சேர்த்து மாட்டி, கம்ப்யூட்டரைத் தலையில் ஏற்றிவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீராயி சுவிட்சைப் போட்டாள். விசிறி ஐந்தும் மாவு மில் போல இரைந்தன. சிவப்பு, பச்சை, ஊதா என்று வளையே திருவிழாவானது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

சதாசிவம் எட்டிப் பார்த்தார். "அக்கா, ரேம் ஒடிஞ்சிருக்கே. இது எந்திரிக்கவே எந்திரிக்காது."

வீராயியின் முள் ஒவ்வொன்றாகப் படிந்தது. எட்டு வருஷம் தோண்டிய சுவரைத் தடவிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாரை அதிகாரி வந்தார். நெடிய கால்; வளைக்குள் நுழைய முடியாது. வெளியே நின்றபடியே தலையை மட்டும் உள்ளே விட்டு, படிவத்தைப் படித்தார்.

"கம்ப்யூட்டரில் விளக்கு எரிகிறதா?"

"கண்ணு கூசலையா சார்?" என்றாள் வீராயி, பாதி உயிரோடு.

"எரிகிறது. சத்தம் வருகிறதா?"

"என்ன கேட்டீங்க சார்?"

"வருகிறது. காற்று வருகிறதா?" நாரையின் கழுத்து இறகு பறந்தது. "பிரமாதமாக வருகிறது." சீல் விழுந்தது.

"திரையைப் பாக்கலையா சார்?" வாய் அடங்காமல் வீராயியே கேட்டுவிட்டாள்.

"படிவத்தில் திரைக்குக் கட்டம் இல்லையேம்மா."

அடுத்த வளை. சதாசிவத்தின் கம்ப்யூட்டர் விண்ணப்பத்தைத் திறந்து வைத்து, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு இல்லை. சத்தம் இல்லை. காற்று இல்லை.

"கம்ப்யூட்டர் இல்லை" என்று எழுதினார் நாரை. "சாயங்காலத்துக்குள் சரி செய்தால் திரும்ப வந்து பார்க்கிறேன்."

காட்டுப்பன்றி அளவுநாடாவோடு அந்தப் பக்கம் திரும்பியது.

சதாசிவம் ஓடி வந்தார். "அக்கா, ஒரு விசிறி..."

வீராயியின் முள் மறுபடி நிமிர்ந்தது. "ரெண்டாவே எடுத்துக்க தம்பி. கிழங்கெல்லாம் வேண்டாம். ஆனா தினமும் சாயங்காலம் சீரியல் உன் வீட்டுலதான். கரண்ட் பில்லும் நீதான் கட்டித் தரணும்."

"சரிக்கா, சரிக்கா."

"கொசுறா என்ன தருவே?"

நீதி: கம்ப்யூட்டர் பக்கத்து வீட்டில் ஓடினால் போதும், நம் வீட்டில் விசிறி ஓட வேண்டும்.