லேப்டாப்பில் ஒரு திருட்டு இணைப்பு

யார் வீட்டில் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் மின்துறை ஆய்வாளர். அப்பேர்ப்பட்டவர், மனைவி கடைக்குப் போன ஒரு மாலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு சொந்த வீட்டு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினார்.

உள்ளே காலியாக இருந்த இடத்தில், வீடியோக்களைச் சேமிக்க இரண்டாவதாக ஒரு எஸ்எஸ்டியைச் செருகினார். சூயிங்கம் பட்டை அளவுதான். அவர் இளமையில் பார்த்த கால்பந்து ஆட்டங்கள் அத்தனையும் அதற்குள் அடங்கிவிட்டன. இந்த வாழ்க்கையில் நமக்கென்று வேறு என்ன கேட்டோம் என்று நினைத்துக்கொண்டார். மூடும்போது ஒரு திருகு மிஞ்சியது. அவர் திறந்து மூடிய எதிலும் ஒன்றாவது மிஞ்சும். லேப்டாப்பில் கைவைக்கக் கூடாது என்று வீட்டில் தடை இருந்ததே அதனால்தான்.

லேப்டாப் இருவருக்கும் பொது. மனைவி தையல் ஆசிரியை. நூலகக் கூடத்தில் பெண்களுக்கு வாராவாரம் வகுப்பு. வெட்டுவதையும் தைப்பதையும் வீடியோவில் காட்டுவாள். கூடத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் பழுது. பேட்டரியை நம்பித்தான் பாடம்.

அந்த வாரம் வகுப்பு முடிந்து வந்து பையை வைத்தாள்.

"ஏங்க, எப்பவும் காலர் வரைக்கும் சார்ஜ் நிக்கும். இன்னைக்குக் கை தைக்கிறப்பவே படுத்துடுச்சு."

பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்றார். வயசானால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தளரும், உங்களைப் போல, என்றாள்.

அவருக்கு மனசு அரித்தது. ஒரு எஸ்எஸ்டி எவ்வளவு இழுத்துவிடப் போகிறது? வேலை இல்லாதபோது அது தூங்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததோ என்னவோ, இது தூங்கவே மாட்டேன் என்கிறது. 'ஒரே ஒரு பல்புதான் சார்' என்று கொக்கி போட்டவர்கள் கெஞ்சுவார்கள். அப்போது தாம் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவர்களுக்கும் தமக்கும் என்ன வித்தியாசம்? அடையாள அட்டைதான்.

சில நாள் கழித்துக் காலையில் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒரு சந்தேகம் என்றாள்.

"ஒரு வீட்ல எல்லா சுவிட்சையும் அணைச்சாச்சு. ஆனா மீட்டர் மட்டும் ஓடுது. அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

தொழில் கேள்வி. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கயோ திருட்டு இணைப்பு இருக்குன்னு அர்த்தம்."

"யார் பண்ணியிருப்பா?"

"வீட்டுக்காரன்தான். கேட்டா ஒயரு பழசுன்னு கதை விடுவான்."

மனைவி லேப்டாப்பை எடுத்து முன்னால் வைத்தாள். "நேத்து முழு சார்ஜோட மூடி வெச்சேன். யாரும் தொடல. இப்போ எவ்வளவு இறங்கியிருக்குன்னு நீங்களே பாருங்க." பிறகு குண்டூசி டப்பாவைத் திறந்து, பொடித் திருகு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். "பீரோவுக்கு அடியில கெடந்துச்சு."

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எஸ்எஸ்டியைப் பிடுங்கிவிடச் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கேட்கும்போது அவர் குரல் கொக்கி போட்டவர்கள் குரல் மாதிரியே இருந்தது.

"பிடுங்க வேண்டாம்" என்றாள். "உங்க ஆட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா எனக்குக் காலர் பாடம் நடந்தாகணும். வீடியோ நின்னுபோனா ஆள் வேணும்."

"என்ன ஆள்?"

"கழுத்து இருக்கிற ஆள். அதுக்கு சார்ஜ் போட வேண்டாம் பாருங்க."

அடுத்த வகுப்பில் ஆய்வாளர் கூடத்தின் நடுவே நின்றார். கழுத்தைச் சுற்றித் தாள் காலர், அதைச் சுற்றிக் குண்டூசி. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அளந்தார்கள். எங்கள் வீட்டு மீட்டரைப் பார்க்க வந்த சார் இவர்தான் என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் அறிமுகம் செய்துவைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழகிய கண் சும்மா இருக்குமா? சுவரோரமாக ஓடியது. திரைக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஒயர். ஒரு முனை பிளக்கில். மறுமுனை லேப்டாப்பில். திரையில் காலர் பாடம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

"பிளக் பழுதுன்னியே?" என்றார் மெதுவாக.

பல்லிடுக்கில் குண்டூசியோடு மனைவி சொன்னாள்: "போன வகுப்பு முடிஞ்ச மறுநாளே சரி பண்ணிட்டாங்க. ஆடாம நில்லுங்க."